வீடு மாற்றம்: சாமான்களுக்கு முன்னே முகவரி

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் பிறந்தால் வங்கி அலுவலர்களின் இல்லங்களில் ஒரே பேச்சுதான். இவ்வாண்டு மாறுதல் பட்டியலில் பெயர் உண்டா, உண்டெனில் எந்த ஊர்? பணியில் சேர்ந்து இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட எங்கள் குடும்பம் இதுவரை ஏழு முறை வீடு மாறியிருக்கிறது. ஏழாவது மாற்றம் சென்ற ஆண்டு மே மாத இறுதியில், நாக்பூரிலிருந்து ஹைதராபாத்துக்கு நிகழ்ந்தது.

நம் வாடிக்கையாளர்களிலும் இத்தகைய குடும்பங்கள் ஏராளம். இரயில்வே ஊழியர், படைவீரர், மத்திய அரசு அலுவலர், மென்பொருள் நிறுவனப் பணியாளர் எனப் பலரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகின்றனர். வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குக் குடிபோகும் மகிழ்ச்சியான மாற்றமும் உண்டு. கிளையில் அமர்ந்திருக்கும் எங்களிடம் இவர்கள் வருவது பெரும்பாலும் கடைசி நாளில்தான். "நாளை காலை லாரி வருகிறது, இன்றே லாக்கரை ஒப்படைத்துவிட வேண்டும்" என்று மாலை நான்கு மணிக்கு வந்து நிற்பார்கள். வேறு சிலர் புதிய ஊருக்குப் போய் ஆறு மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைப்பார்கள். அவர்களைக் குறை கூறும் தகுதி எங்களுக்கு இல்லை. பிறருக்கு நாள்தோறும் சொல்லும் அறிவுரையை நாங்களே ஒருமுறை மறந்தோம். அதன் விளைவை இக்கட்டுரையின் நடுவில் காண்பீர்கள்.

நாளைக் குறித்து, பின்னோக்கி எண்ணுங்கள்

வீடு மாறுவது என்று முடிவானதும் நாங்கள் முதலில் வாங்குவது ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு. லாரி வரும் நாளை அதில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணுவோம்.

ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டியவை பிறருடைய கையொப்பம் தேவைப்படும் வேலைகள். புதிய ஊரில் பள்ளிச் சேர்க்கை, வீடு பார்த்தல், புதிய கிளையில் லாக்கருக்கு விண்ணப்பித்தல், வண்டிக்கான தடையின்மைச் சான்று ஆகியன இவ்வகை. இருக்கும் வீட்டின் உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுப்பதும் இப்போதுதான். எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கும். நான்கு வாரங்களுக்கு முன் லாரிக்கான விலை விசாரிப்பு. இரண்டு வாரங்களுக்கு முன் வேண்டாதவற்றைக் கழித்தலும், அன்றாடம் தேவைப்படாத பொருள்களைக் கட்டுதலும். கடைசி வாரம் காஸ், கேபிள், இணையம், பால், நாளிதழ் கணக்குகளை முடிப்பதற்கு.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வீட்டு மாற்றத்தில் ஒரு தாள் மற்றொரு தாளைப் பெற்றுத் தருகிறது. வாடகை ஒப்பந்தம் இருந்தால் ஆதாரில் முகவரியை மாற்றலாம். ஆதாரில் மாறிவிட்டால் வங்கி, காஸ், காப்பீடு என மற்றவை எளிதாகும். முதல் கண்ணி தாமதமானால் எல்லாமே தாமதமாகும். ஆகவே புதிய வீட்டை முடிவு செய்த நாளிலேயே ஒப்பந்தத்தை எழுதி, இயன்றால் பதிவும் செய்துகொள்ளுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் வழக்கத்துக்கு வந்ததே ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியால்தான். ஆயினும் பதிவு பெற்ற ஒப்பந்தம் முகவரிச் சான்றாக மிகவும் உதவுகிறது. மகாராஷ்டிரம் போன்ற மாநிலத்தில் குறுகிய கால ஒப்பந்தத்துக்கும் பதிவு கட்டாயம்.

எதை எடுத்துச் செல்வது?

ஒவ்வோர் அறையாக நின்று பட்டியல் எழுதும்போது மூன்று பத்திகள் போடுகிறோம்: உடன் வருவது, பிறருக்குக் கொடுப்பது, கழிப்பது. லாரிக் கட்டணம் பெரும்பாலும் சாமான் அடைக்கும் இடத்தைப் பொறுத்தது. பத்தாண்டு பழகிய கட்டிலும் மெத்தையும் ஐந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்ய ஆகும் செலவைவிட அவற்றின் இன்றைய மதிப்பு குறைவாக இருக்கக்கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் கணக்குக்கு அடங்காத பொருள்களும் உண்டு. எங்களோடு வசிக்கும் அம்மாவுக்கு வயது 74. அவருடைய வெண்கல உருளியும் மாவரைக்கும் பழைய கல்லுரலும் ஏழு ஊர்களைப் பார்த்துவிட்டன. கல்லுரலைச் சுமந்த தொழிலாளர் ஒவ்வோர் ஊரிலும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கின்றனர். நாக்பூரை விட்டுப் புறப்படும்போது, "இதை இங்கேயே கொடுத்துவிடலாம்" என்று அம்மாவே கீழ்வீட்டு மராத்தி அம்மையாரிடம் ஒப்படைத்தார். முதியவர்களின் பொருள்களைப் பற்றி அவர்களே முடிவெடுக்கட்டும் என்பது நாங்கள் கற்ற பாடம். நாம் முடிவெடுத்தால் அது இழப்பு. அவர்கள் எடுத்தால் அது கொடை.

லாரி பேசும் முன்

குறைந்தது மூன்று நிறுவனங்களை அழையுங்கள். வீட்டுக்கு நேரில் வந்து பார்த்துவிட்டு விலை சொல்பவரையே கருத்தில் கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்லும் குறைந்த விலை பாதி வழியில் உயரக்கூடும்.

இதை நாங்கள் பட்டறிந்தே சொல்கிறோம். எங்கள் நான்காவது மாற்றத்தின்போது மிகக் குறைந்த விலை சொன்ன ஒருவரிடம் சாமான்களை ஒப்படைத்தோம். மூன்றில் இரண்டு பங்குப் பணத்தை முன்னதாகவே கொடுத்திருந்தோம். மறுநாள், "சாமான் அதிகம், இன்னும் பணம் அனுப்பினால்தான் லாரி நகரும்" என்று அழைப்பு வந்தது. மூன்று நாள் எங்கள் பாத்திர பண்டங்கள் ஏதோ ஒரு கிடங்கில் கிடந்தன. நாங்கள் வெறும் தரையில் படுத்திருந்தோம். கேட்ட பணத்தைக் கொடுத்த பின்னரே சாமான்கள் வந்தன. முறையிடுவதற்கு எங்களிடம் ஒரு விசிட்டிங் கார்டைத் தவிர வேறு எழுத்து எதுவும் இல்லை.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று நாட்டில் தெளிவான சட்டம் இருக்கிறது. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2007-இல் இயற்றப்பட்டு, 2011 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி சரக்கேற்றும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சாமான்களின் விவரத்தையும் மதிப்பையும் நாம் எழுதித் தர வேண்டும்; அவர்கள் சரக்கு இரசீது தர வேண்டும். பொருள் தொலைந்தாலோ சேதமுற்றாலோ, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவ்வாறு கொடுக்காவிடில் பின்னர் வழக்குத் தொடர இயலாது. நிறுவனத்தின் பொறுப்புக்கு வரம்பும் உண்டு. எனவே விலையுயர்ந்த பொருள்களுக்குத் தனியே பயணக் காப்பீடு எடுப்பது நலம். அக்காப்பீட்டுச் சான்று காப்பீட்டு நிறுவனத்தால், நம் பெயரில் வழங்கப்பட்டதா என்று பாருங்கள். "காப்பீடு சேர்த்துத்தான் விலை" என்ற வாய்ச்சொல் போதாது. உரிமையாளரே கட்டிய பெட்டிகளுக்கும், மின்கருவிகளின் உட்பழுதுக்கும் இழப்பீடு உண்டா என்பதை நிபந்தனைகளில் படித்தறியுங்கள்.

விலையை எழுதி வாங்கும்போது சில ஐயங்களையும் எழுத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது மாடி, மின்தூக்கி உண்டா, லாரி வாசல்வரை வருமா, சாமான்களைப் பிரித்து அடுக்கித் தருவார்களா, லாரியில் நம் சாமான்கள் மட்டுமா, வேறு குடும்பத்துச் சாமான்களும் ஏறுமா? முன்பணம் சிறிதாக இருக்கட்டும். மீதியைச் சாமான்கள் வந்து சேர்ந்த பின், வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்துங்கள். பணியிட மாறுதலில் செல்வோர் அலுவலகத்திலிருந்து செலவைத் திரும்பப் பெறுவதற்கு ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய பில் தேவைப்படும்.

நாக்பூரில் ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிட்டு, ஒவ்வோர் எண்ணிலும் என்ன இருக்கிறது என்று எழுதினோம். மொத்தம் 63 எண்கள். ஹைதராபாத்தில் இறக்கியபோது பீரோவின் கண்ணாடி உடைந்திருந்தது. கையொப்பமிடும் முன் அதை இரசீதிலேயே எழுதி, படமும் எடுத்துக்கொண்டோம். கிடைத்த இழப்பீடு சிறிது; ஆனால் வாக்குவாதம் இல்லாமல் கிடைத்தது.

லாரியில் ஏற்றக் கூடாதவை

நகை, பணம், சொத்துப் பத்திரங்கள், கல்விச் சான்றுகள், பாஸ்போர்ட், வைப்புநிதி இரசீதுகள், காசோலைப் புத்தகங்கள், மருத்துவக் கோப்புகள் ஆகியவை நம் கையோடு வர வேண்டும். பத்திரங்களைப் பயணத்துக்கு முன் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. காஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், பட்டாசு போன்ற தீப்பிடிக்கும் பொருள்களை எக்காரணம் கொண்டும் வீட்டுச் சாமான்களோடு ஏற்றலாகாது. இருசக்கர வண்டியை ஏற்றுவதாயின் பெட்ரோலை வடித்துவிட வேண்டும்.

மருந்துகளும் கையில்தான். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். மே மாத நாக்பூர் வெயிலில் இன்சுலினை வெறுமனே கைப்பையில் வைக்க முடியாது. குளிர்காக்கும் சிறு பையில், பனிக்கட்டி நேரடியாகப் படாதவாறு துணி சுற்றி எடுத்துச் சென்றோம். புதிய ஊரில் மருத்துவரைக் கண்டுபிடிக்கும்வரை போதுமானதாக ஒரு மாத மருந்தும், மருத்துவச் சீட்டின் நகலும் கைவசம் இருந்தன.

நகை என்றதும் லாக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கைக் கிளை மாற்றுவதுபோல லாக்கரை மாற்ற இயலாது. பழைய கிளையில் ஒப்படைத்துவிட்டுப் புதிய கிளையில் புதிதாகப் பெற வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, லாக்கர் கேட்டு விண்ணப்பிப்போருக்கு ஒப்புகையும், இடம் இல்லையெனில் காத்திருப்போர் பட்டியல் எண்ணும் வழங்கப்பட வேண்டும். ஆகவே ஆறு வாரங்களுக்கு முன்பே புதிய கிளையை அணுகுங்கள். முன்கூட்டிச் செலுத்திய வாடகையில், ஒப்படைத்த நாளுக்குப் பிந்தைய காலத்துக்குரிய தொகை உங்களுக்குத் திருப்பித் தரப்படும்.

தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை என்பதும் அந்நெறிமுறையில் உள்ளது. பழைய லாக்கரை ஒப்படைத்த நாளுக்கும் புதியதைப் பெறும் நாளுக்கும் இடையில் நகை நம் பொறுப்பில் இருக்கும். அந்த இடைவெளியை இயன்றவரை சுருக்குங்கள். நாங்கள் புதிய லாக்கர் உறுதியான பின்பே பழையதை ஒப்படைத்தோம்.

கணக்கு எண் மாறாது. முகவரி மாற வேண்டும்

ஊர் மாறினால் வங்கிக் கணக்கை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று இன்றும் பலர் நினைக்கின்றனர். தேவையே இல்லை. கிளைகள் அனைத்தும் ஒரே கணினி வலையில் இணைந்திருப்பதால், அதே எண்ணுடன் கணக்கை வேறு கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு கிளையில் முடித்த கே.ஒய்.சி. சரிபார்ப்பு அதே வங்கியின் மற்றக் கிளைகளுக்கும் செல்லும். ஓய்வூதியக் கணக்கும் அவ்வாறே. அம்மா குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். நவம்பரில் தர வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றை முகத்தைக் காட்டியோ விரல் ரேகை வைத்தோ ஜீவன் பிரமாண் வழியாக எங்கிருந்தும் தரலாம் என்பதால் அவருக்கு அலைச்சல் இல்லை.

மாற வேண்டியது முகவரி. தனிநபர் வாடிக்கையாளருக்கு முகவரி மட்டும் மாறியிருந்தால், தாமே எழுதித்தரும் உறுதிமொழியை வங்கி ஏற்றுக்கொள்ளும். பின்னர் இரண்டு மாதங்களுக்குள் அம்முகவரியை அஞ்சல் மூலமாகவோ நேரிலோ சரிபார்க்கும். கையிலுள்ள அடையாள ஆவணத்தில் பழைய முகவரியே இருந்தால், இரண்டு மாதங்களுக்கு மேற்படாத மின்கட்டண, தொலைபேசி அல்லது குழாய் எரிவாயு பில், சொத்து வரி இரசீது போன்றவற்றைத் தற்காலிகமாகக் காட்டலாம். புதிய முகவரியுள்ள ஆவணத்தை மூன்று மாதங்களுக்குள் தந்துவிட வேண்டும்.

கைப்பேசி எண்ணையும் மாற்றாதீர்கள். 2015 ஜூலை முதல் நாட்டின் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி உள்ளது. வங்கி, ஆதார், காப்பீடு அனைத்தும் அந்த எண்ணுக்கே செய்தி அனுப்புகின்றன.

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை ஒன்று உண்டு. எந்தக் கணக்கிலிருந்து எவையெல்லாம் தாமாகவே பிடித்தமாகின்றன என்று பட்டியலிடுங்கள். கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம், பரஸ்பர நிதி மாதத் தவணை, தொடர்வைப்பு என அது நீளும். கடந்த 13 மாதக் கணக்கு விவரத்தைப் பார்த்தால், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் பிடித்தமும் தெரிந்துவிடும். 12 மாதம் பார்த்தால் ஓரிரு நாள் வேறுபாட்டில் ஒன்று தவறிவிடலாம். இந்தப் பட்டியலைப் போடாமல் எந்தக் கணக்கையும் மூடாதீர்கள்.

ஓர் உறையின் கதை

நாங்கள் மூடினோம். நாக்பூரில் வீட்டருகே இருந்த மற்றொரு வங்கியில் எங்களுக்கு ஒரு சிறு கணக்கு இருந்தது. காஸ், பால் போன்ற சில்லறைச் செலவுக்கு வைத்திருந்தோம். இனி எதற்கு என்று புறப்படும் வாரத்தில் அதை முடித்துவிட்டோம். அந்தக் கணக்குக்குக் கொடுத்திருந்த உள்ளூர் கைப்பேசி எண்ணையும் கைவிட்டோம். அம்மாவின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் ஆண்டுக்கு ஒருமுறை அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது என்பது எங்கள் நினைவிலேயே இல்லை.

ஜூலை 20-இல் பிரீமியம் கேட்பு வந்து திரும்பிப் போயிற்று. குறுஞ்செய்தி, பயன்பாட்டில் இல்லாத எண்ணுக்குப் போனது. நினைவூட்டுக் கடிதம் நாக்பூர் முகவரிக்குப் போனது. ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றிவிட்டு வீடு திரும்பியபோது, கல்லுரலைப் பெற்றுக்கொண்ட கீழ்வீட்டு அம்மையாரிடமிருந்து கைப்பேசியில் ஒரு படம் வந்திருந்தது. "உங்கள் பெயருக்கு ஒரு கடிதம், ஒரு வாரமாக மாடிப்படியில் கிடக்கிறது, முக்கியமா?" என்று கேட்டிருந்தார். உறையின் மூலையில் காப்பீட்டு நிறுவனத்தின் முத்திரை இருந்தது.

மருத்துவக் காப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பிப்போருக்கு, தவணை நாள் கடந்தபின் 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் பாலிசியின் தொடர்ச்சி காக்கப்படும். கடந்துவிட்டால், பல நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். எங்களுக்கு நான்கு நாட்களே மீதமிருந்தன. அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்ய வேண்டுமென்று மருத்துவர் சொல்லி, தீபாவளிக்குப் பின் செய்துகொள்ளலாம் என்று நாள் பார்த்திருந்தோம். கண்புரைக்குரிய காத்திருப்புக் காலத்தை மூன்றாண்டுகள் பிரீமியம் கட்டிக் கடந்திருந்தோம். அந்த மூன்றாண்டுகள் நான்கு நாட்களில் கரைந்திருக்கும். 74 வயதில் புதிய பாலிசி என்ன விலைக்கு, என்ன நிபந்தனையில் கிடைத்திருக்கும் என்று எண்ணவே அஞ்சினோம்.

அன்றிரவே பணத்தைக் கட்டிவிட்டோம். தொடர்ச்சி கிடைத்தது. ஆயினும் ஜூலை 20 முதல் கட்டிய நாள்வரை, ஏறத்தாழ நான்கு வாரங்கள், அம்மாவுக்குக் காப்பீட்டுப் பாதுகாப்பு இருக்கவில்லை. சலுகைக் காலத்தில் தொடர்ச்சி காக்கப்படுமேயன்றி, ஆண்டு பிரீமியம் கட்டாத அந்நாட்களில் ஏற்படும் மருத்துவச் செலவு கிடைக்காது. மழைக்கால ஹைதராபாத்தில் அந்த நான்கு வாரமும் அவர் நலமாக இருந்தது எங்கள் திறமையால் அன்று.

ஒரு கண்ணாடி உடைந்தால் அன்றே தெரிந்துவிடுகிறது. ஒரு முகவரி பழையதாகவே இருந்தால் தெரிவதில்லை. அதனால்தான் சாமான்களைக் கட்டும் முன் முகவரிகளைக் கட்டுங்கள் என்கிறோம். அஞ்சலகத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுத்து, வரும் கடிதங்களைத் திருப்பி அனுப்பக் கேட்பதும், பக்கத்து வீட்டாரிடம் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருவதும் கூடுதல் காவல்.

வண்டி, காஸ், வாக்கு, பள்ளி

வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் பழைய போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. வண்டி வங்கிக் கடனில் வாங்கப்பட்டதாயின் வங்கியின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். அக்கடிதத்தைப் புறப்படும் முன்பே பழைய கிளையில் கேட்டுப் பெறுங்கள். அடிக்கடி மாநிலம் மாறுவோருக்கு 2021-இல் பி.எச். வரிசைப் பதிவு அறிமுகமாயிற்று. அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் இதற்குத் தகுதியுடையோர்.

வேறு ஊருக்குச் செல்வோர் காஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் முகவரிடம் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, இணைப்பு முடிவுச் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அச்சீட்டைக் காட்டினால் புதிய ஊரில், அன்றைய வைப்புத்தொகையைக் கட்டி இணைப்புப் பெறலாம். வாக்காளர் பட்டியலில் குடியிருப்பு மாற்றத்துக்குப் படிவம் 8. ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றிலும் முகவரி மாற்றம் தேவைப்படும்.

பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழைப் பெறும்போது பெயரும் பிறந்த நாளும் ஆதாரிலுள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். வேறு மாநிலப் பள்ளியாயின் கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டுமா என்று முன்னதாகக் கேட்டுவிடுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரு கையொப்பத்துக்காகத் திரும்பி வருவது வீண் செலவு.

கைப்பணம்

வீட்டு மாற்றத்தில் லாரிக் கட்டணத்தைவிட நெருக்கடி தருவது பணம் வந்து போகும் காலவேறுபாடு. புதிய வீட்டுக்கு முன்பணம் முதலில் கொடுக்க வேண்டும். பழைய வீட்டு முன்பணம் காலி செய்த பிறகே வரும். அலுவலகம் தரும் தொகை பில்லைக் கொடுத்து மேலும் சில வாரங்கள் கழித்து வரும். சில நாட்களுக்கு இரண்டு வீட்டு வாடகையும் சேரக்கூடும். பள்ளிக் கட்டணமும் அதே மாதத்தில்தான். இவற்றைக் கூட்டி, அத்தொகையைச் சேமிப்புக் கணக்கில் ஆயத்தமாக வைத்திருங்கள். அதற்காகப் பெரிய வைப்புநிதியை இடையில் முறிக்காமல், முன்கூட்டியே சிறு வைப்புகளாகப் பிரித்து வைத்திருப்பதும், வைப்பின்மேல் கடன் பெறுவதும் பயன் தரும்.

கடைசி நாளும் முதல் நாளும்

காலி செய்த வீட்டை அறை அறையாகப் படமெடுங்கள். மின்மானி, தண்ணீர் மானி அளவுகளையும் படமெடுத்து, உரிமையாளரின் முன்னிலையில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பதும் அத்தாளிலேயே இருக்கட்டும். கைப்பேசியில் கணக்குப் பார்த்து உடனே அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

லாரியில் கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டிய பெட்டி ஒன்று உண்டு. அதில் பால் காய்ச்சும் பாத்திரம், தீப்பெட்டி, சர்க்கரை, காப்பித்தூள், டம்ளர்கள், பூட்டு, மின்விளக்கு, ஸ்குரூ டிரைவர், ஒரு நாள் மாற்றுடை, படுக்கை விரிப்பு, பிள்ளைகளின் ஏதோ ஒரு விளையாட்டுப் பொருள் ஆகியவற்றை வைக்கிறோம். எங்கள் வீட்டில் அதற்கு எப்போதும் எண் 1. காஸ் இணைப்பு வரும்வரை மின்அடுப்பு ஒன்று இருந்தால் வெளிச்சாப்பாடு தவிர்க்கலாம். ஹைதராபாத் வந்த அன்று அந்த மின்அடுப்பில்தான் அம்மா பால் காய்ச்சினார்.

அம்மாவின் கண்புரை அறுவை நவம்பரில் நல்லபடியாக முடிந்தது. காப்பீட்டு நிறுவனமே செலவை ஏற்றது. தெளிவான கண்ணோடு அவர் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று, கீழ்வீட்டு அம்மையாருக்கு வீடியோ அழைப்பில் நன்றி சொன்னது. இவருக்கு மராத்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. இருவரும் அரைகுறை இந்தியில் கால் மணி நேரம் பேசினர். கல்லுரலில் இட்லிக்கு அரைத்துப் பழகிவிட்டதாக அவர் காட்டினார்.

எங்கள் புதிய குறிப்பேட்டின் முதல் பக்கம் இப்போதே எழுதப்பட்டிருக்கிறது. அதில் சாமான்கள் எதுவும் இல்லை. எங்கள் முகவரி எங்கெங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த இடங்களின் பட்டியல் இருக்கிறது: எங்கள் வங்கி, மற்ற வங்கி, ஆதார், பான், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வண்டி, வாக்காளர் பட்டியல், ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, பரஸ்பர நிதி, வருங்கால வைப்புநிதி, ஓய்வூதியம், காஸ், பள்ளி. மொத்தம் பதினைந்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிவிலுள்ள கைப்பேசி எண்ணும், தொகை எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதும் குறிக்கப்பட்டுள்ளன. இந்த வாரம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி நீங்களும் இப்பட்டியலை எழுதிவிடுங்கள். வீடு மாறும் எண்ணம் இப்போது இல்லையென்றாலும் எழுதுங்கள். ஐயமிருந்தால் உங்கள் கிளைக்கு வாருங்கள். லாரி வருவதற்கு முந்தைய மாலை நான்கு மணிக்கு அல்லாமல், சில வாரங்கள் முன்னதாக.